கூடக்காவின் பதிவேடு

திங்கட்கிழமை முதல் பாடவேளையிலேயே தலைமையாசிரியை ஆள் விட்டு அழைத்தபோது, கூடக்கா ஐந்தாம் வகுப்பின் பின்வரிசையில் முழந்தாளிட்டு, சக்கர நாற்காலியின் முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். போட்டு வாங்கி வருவதற்குள் கணக்குப் பாடம் பாதி போய்விடும். பல்லுக்குக் கையெழுத்துத் தேவையில்லை.

சம்பளப் பட்டியலில் அவளுக்கு வகுப்பறை உதவியாளர் என்று பெயர். அந்தப் பெயரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எப்போதும் அந்த ஒரு சிறுமியின் கூடவே இருக்கிற அக்கா என்பதால் பிள்ளைகள் அவளைக் கூடக்கா என்றார்கள். பின்னர் ஆசிரியர்களும் அப்படியே அழைத்தார்கள். அவளைவிட மூத்த தாய்மார்களும் கூசாமல் அப்படியே அழைத்தார்கள்.

நாற்காலியில் இருந்தவளுக்குப் பத்து வயது. இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே பலமில்லை. அந்தப் பலமெல்லாம் நாக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று ஆசிரியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வகுப்பில் அழிப்பான் காணாமற்போனாலும், வரிசையில் எவளாவது முந்தினாலும், இரு தரப்பையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவள்தான். அதனால் அவளுக்கு வக்கீல் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"எங்க போறீங்க?" என்றாள் வக்கீல்.

"பெரிய மேடம் கூப்பிடறாங்க."

"என்ன தப்பு செஞ்சீங்க?"

"போனாத்தானே தெரியும், கண்ணு."

"எதையும் ஒத்துக்காதீங்க. நான் வந்து பேசிக்கறேன்."

வெளியே மூன்று நாளாக விடாத மழை. தாழ்வாரம் முழுவதும் ஈரக் காலடிகள். தலைமையாசிரியை அவளைக் கண்டதும், "வாங்க, உட்காருங்க" என்றார். கூடக்கா நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்தாள். நல்ல செய்தியை அந்த அறையில் நின்றுகொண்டேதான் கேட்பது வழக்கம்.

மேசைமேல் மூன்று பதிவேடுகள் இருந்தன. ஆண்டுக்கு ஒன்றாக அவள் கைப்பட எழுதியவை. ஒவ்வொன்றிலிருந்தும் மஞ்சள் தாள் துண்டுகள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

"வியாழக்கிழமை பள்ளிக் குழு கூடுது. இந்த வருஷப் பணத்துல நாலு வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கணும்னு தீர்மானம் வந்திருக்கு. பணம் பத்தல. அதனால உங்க பணியிடத்தை அடுத்த மாசத்தோட நிறுத்திடலாம்னு பொருளாளர் எழுதியிருக்கார்."

"அப்போ பாப்பா?"

"அதுக்குத்தான் இதைக் காட்டறார்." தலைமையாசிரியை மஞ்சள் துண்டு வைத்த பக்கங்களைப் புரட்டி வாசித்தார். "'இன்று தானாகவே கரும்பலகைக்குச் சென்று விடை எழுதினாள்.' 'நூலகத்தில் மேல்தட்டிலிருந்து தனக்கு வேண்டிய புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுத்தாள்.' 'மதியத் தேவைகளைத் தானே கவனித்துக்கொண்டாள்.' மூணு வருஷமா இப்படித்தான் இருக்கு. எந்தப் பக்கத்துலயாவது நீங்க இருக்கீங்களா? எல்லாத்தையும் அவளே பார்த்துக்கறான்னா உதவிக்கு ஆள் எதுக்குன்னு அவர் கேக்கறார். அவர் பொய் சொல்லலம்மா. நீங்க எழுதினதைத்தான் சொல்றார்."

"அதெல்லாம் நடந்ததுதான் மேடம். கரும்பலகை மேடைகிட்ட வரும்போது நாற்காலியைப் பின்பக்கம் சாய்ச்சு ஏத்துவேன். அவ எழுதற வரைக்கும் சக்கரம் உருளாம காலால அண்டக் குடுத்து நிப்பேன். ஆனா விடை அவளோடதுதானே?"

"நீங்க சாய்ச்சதை ஏன் எழுதல?"

கூடக்கா பதிவேட்டின் அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "மாணவர் முன்னேற்றம்னு அச்சடிச்சிருக்கு. நான் மாணவர் இல்லையே."

இந்த விடை மெய்தான். ஆனால் முழு மெய்யன்று. தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார்.

"சரி, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. அவளால எதெல்லாம் முடியாதுன்னு ஒரு பட்டியல் எழுதிக் குடுங்க. ஒண்ணு விடாம எழுதணும், கூச்சப்படக் கூடாது. கூட்டத்துல நானே வாசிக்கறேன். எனக்கு உங்களை விட மனசில்ல. ஆனா கையில காகிதம் இல்லாம என்னால வாதாட முடியாது."

அன்றைய வேலை வழக்கம்போல நடந்தது. இரண்டாம் பாடவேளையில் வரைபடப் புத்தகத்தைத் தாங்கிப் பிடித்தாள். மூன்றாவதில், சிறுமியின் மரத்துப்போன கால்களை இருக்கையில் இடம் மாற்றி வைத்தாள். பன்னிரண்டரை மணிக்கு மற்றப் பிள்ளைகள் சாப்பிடப் போனபின், இருவரும் தாழ்வாரத்தின் கோடியிலிருந்த பெண்கள் கழிப்பறைக்குப் போனார்கள். அதன் கதவு பழங்காலத்துக் குறுகல் கதவு. நாற்காலி வாசலிலேயே நின்றுவிடும். கூடக்கா மூச்சை வெளியே விட்டுக் குனிந்து, சிறுமியின் கைகள் தன் கழுத்தைச் சுற்றியதும் தூக்கினாள். முதலாண்டில் ஒரு கூடைத் துணி போல இருந்தவள் இப்போது நல்ல கனம். கூடக்காவின் முதுகில் ஒரு நரம்பு, தன்னையும் மறந்துவிட வேண்டாமென்று நினைவூட்டியது.

அந்த வாசலிலிருந்து திரும்ப நாற்காலிக்கு வருகிறவரை வேறு எதையாவது பேச வேண்டும் என்பது இருவருக்கும் இடையில் இருந்த எழுதாத ஒப்பந்தம். அன்று வக்கீல் ஒரு மைப்பேனா வழக்கைச் சொன்னாள். இரவல் வாங்கியவள் முனையை உடைத்துவிட்டாள், ஏற்கெனவே விரிசல் இருந்ததென்று சாதிக்கிறாள், சாட்சி கிடையாது. கூடக்கா எல்லாவற்றுக்கும் "அப்புறம்?" என்றாள். ஆனால் பேனா யாருடையதென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது.

வீட்டில் அவள் கணவன் அடுப்படியில் இருந்தான். வெல்டிங் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவன். கண்ணில் நீர் வடிவது நிற்காததால், ஆறு மாதத்துக்கு அந்த வெளிச்சத்தின் பக்கமே போகக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான்கு மாதம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சமையல் அவன் பொறுப்பு. முட்டையையும் உருளைக்கிழங்கையும் அவன் எத்தனை விதமாகச் சேர்த்தாலும் ஒரே சுவைதான் வந்தது.

"என்ன, முகம் உப்புப் போடாத முட்டை மாதிரி இருக்கு?"

"நீங்க போடற உப்பு தெரியாதா? இப்பவும் போட்டிருக்க மாட்டீங்க."

"பேச்சை மாத்தாத. என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எழுதிக் குடுத்துடு. உண்மைதானே? நீ ஒண்ணும் இட்டுக்கட்டலையே."

"அவ படிப்பா."

"யாரு?"

"பாப்பாதான். தினமும் மூணரை மணிக்கு நான் எழுதி முடிச்சதும் நோட்டை வாங்கிப் படிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவா. முதல் வருஷத்துல இருந்தே அப்படித்தான்."

பிறகு, இதுவரை ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது. அப்போது எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினாள். 'மதியம் கழிப்பறைக்குத் தூக்கிச் சென்று உட்கார வைத்தேன்' என்பதும் அதில் ஒரு வரி. அன்று மூன்றரை மணிக்கு ஏழு வயதுச் சிறுமி எழுத்துக் கூட்டி அந்த வரியைப் படித்தாள்; ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் தண்ணீர்ப் புட்டி நிறைந்தபடி வீட்டுக்குத் திரும்பியது. அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் உதடு வெடித்து, தலைவலி என்று மேசையில் சாய்ந்துவிட்டாள். குடித்தால் போக வேண்டியிருக்கும்; போனால் எழுதப்படும். அன்று மாலை கூடக்கா, அந்த வாரத்துப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, 'மதியத் தேவைகளைத் தானே கவனித்துக்கொண்டாள்' என்று எழுதினாள். சிறுமி அதை இரண்டு தரம் படித்தாள். மறுநாள் புட்டி காலியாகத் திரும்பியது.

"அதுக்கப்புறம் அப்படியே எழுதிப் பழகிடுச்சு. அவ படிக்கத்தான் எழுதினேன். ஆபீஸ்ல யாராவது எடுத்துப் படிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவன் அடுப்பை அணைத்தான். பிறகு, "என் டாக்டர் பட்டறை முதலாளிக்கு ஒரு கடுதாசி குடுத்தாரே, 'இவருக்குப் பார்வை போதாது'ன்னு?" என்றான்.

"அதுக்கு என்ன இப்போ?"

"கடுதாசியில ஒரு தப்பும் இல்ல. லீவு கிடைச்சதே அதாலதான். ஆனா நான் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். உள்ள அவரும் முதலாளியும் என் கண்ணைப் பத்திப் பேசினாங்க. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம். கண்ணைவிட அதுதான் இன்னும் உறுத்துது."

"அப்போ அவகிட்டயே கேக்கணும்ங்கறீங்களா?"

"நான் எதுவும் சொல்லலம்மா. முட்டை ஆறுது, சாப்பிடு."

செவ்வாய்க்கிழமை சிறுமியிடம் கேட்க அவள் இரண்டு முறை வாய்திறந்தாள்; இரண்டு முறையும் மழையைப் பற்றிப் பேசி முடித்தாள். மாலையில் சிறுமியின் தாய் வழக்கம்போல ஓட்டமும் நடையுமாக வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கைகளில் எப்போதும் சூடான துணியின் வாசனை. கூடக்கா அவளை வாயிலருகே ஒதுக்கி நிறுத்தி விவரம் சொன்னாள்.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே கேளுங்க அக்கா," என்றாள். "நான் கேட்டா, 'நீ அம்மா, உனக்கு எல்லாமே பெரிசாத்தான் தெரியும்'னு என் வாயை அடைச்சுடுவா. எழுத வேணாம்னு சொன்னா விட்டுடுங்க. நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு தெரியல. ஆனா அவ வேணாம்னா வேணாம்."

புதன்கிழமை விளையாட்டுப் பாடவேளையில் வகுப்பறை காலியாயிற்று. கூடக்கா ஒரு சிறு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிறுமியின் எதிரே உட்கார்ந்தாள். முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன.

"வக்கீலம்மா, ஒரு வழக்கு வந்திருக்கு."

"யார் மேல?"

"என் மேல."

ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். வக்கீல் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்பதே அபூர்வம்.

"ஸ்மார்ட் போர்டு வந்தா கையில ஒரு சின்னப் பலகை குடுப்பாங்களாமே? இருந்த இடத்துல இருந்தே எழுதினா போர்டுல தெரியுமாம். டீச்சர் சொன்னாங்க."

"ஆமாம்."

"எனக்கு அது வேணும்."

"வேணும்தான் கண்ணு. யார் வேணாம்னா?"

"நீங்களும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு யார் சொன்னது?"

"பணம் சொல்லுது."

வக்கீல் சற்று யோசித்தாள். "நோட்டுல பொய் எழுதினீங்களா?"

"பொய் இல்ல. பாதி எழுதினேன்."

"மீதியை ஏன் எழுதல?"

"நீ படிப்பேன்னுதான்."

"நீங்க எழுதாம விட்டதெல்லாம் எனக்குத் தெரியுமே," என்றாள் சிறுமி. "நானும் அங்கதானே இருந்தேன்."

கூடக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கூரைக்கடியில் பந்து தட்டும் ஓசை கேட்டது. வக்கீலுக்கு அழுகையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையில்லை.

"சரி, எழுதலாம். ஆனா நான் சொல்றபடிதான் எழுதணும். தலைப்பு என்ன?"

"'முடியாதவை'ன்னு மேடம் சொன்னாங்க."

"அடிச்சுடுங்க. 'ஒரு நாள் வேலை'ன்னு போடுங்க. நான் செய்யறது ஒரு பக்கம், நீங்க செய்யறது ஒரு பக்கம். நடுவுல, எது இடிக்குதுன்னு."

"எது இடிக்குது?"

"மேடை இடிக்குது. அது மட்டும் இல்லாட்டி கரும்பலகைக்கு நானே போவேன். எனக்கு என்ன வந்துச்சு?"

இப்படி, இந்த வருஷப் பதிவேட்டின் புதுப் பக்கத்தில் தொடங்கிற்று. ஒவ்வொரு வரிக்கும் வாக்குவாதம். 'தூக்கினேன்' என்று எழுதினால் வக்கீல் ஏற்கமாட்டாள். 'இடம் மாற்றினேன்' என்று பேரம் பேசுவாள். புத்தகத் தட்டைப் பற்றி எழுதும்போது, "மேல்தட்டுல கைக்கு எட்டாதுதான். ஆனா நம்ம டீச்சருக்கும்தான் எட்டாது, அதையும் போடுங்க" என்றாள். கூடக்கா போட்டாள். தன் ஒரு நாள் வேலை முழுவதையும் முதன்முதலாகக் காகிதத்தில் பார்த்தபோது அவளுக்கே வியப்பாயிருந்தது. பதினொரு மணி வேலையை எழுதுவதற்குள்ளேயே இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.

பன்னிரண்டரை என்று எழுதியவுடன் பேனா நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வேறு எதையாவது பேசுவதுதானே ஒப்பந்தம்?

வக்கீல் கையை நீட்டினாள். "குடுங்க."

இடக்கையால் மறைத்துக்கொண்டு, தேர்வு எழுதுவதுபோல் அவளே எழுதினாள். எழுதி முடித்துப் பதிவேட்டை மூடினாள்.

"நாளைக்குக் கூட்டத்துலதான் திறக்கணும். நீங்களும் பார்க்கக் கூடாது."

வியாழக்கிழமை மாலை நூலக அறையில் பள்ளிக் குழு கூடியது. ஏழு பேர், ஏழு கோப்பைத் தேநீர். பொருளாளர் வண்ணப்பூச்சும் கட்டடச் சாமான்களும் விற்கிற கடைக்காரர். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர், கெட்டவர் அல்லர்.

"நான் யாருக்கும் விரோதி இல்லைங்க," என்று தொடங்கினார். "நாலு வகுப்புல நூத்தி அறுபது பிள்ளைங்க. என் பொண்ணு வகுப்புல உலகப் படம் ரெண்டாக் கிழிஞ்சு தொங்குது, ஒரு கண்டமே காணோம். பக்கத்துப் பள்ளியில எரிமலை வெடிக்கறதைத் திரையில பார்க்குதுங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்ங்கறது வேணும்னா வேணும்தான். ஆனா வேணாம்னு அந்தம்மாவே மூணு வருஷமா எழுதியிருக்காங்களே?"

அவர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. கூடக்கா சுவரோரமாக நின்றாள். தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்து 'ஒரு நாள் வேலை' என்று தொடங்கி வாசித்தார். மேடை வந்தது, புத்தகத் தட்டு வந்தது, ஆசிரியைக்கும் எட்டாது என்ற இடத்தில் சிலர் சிரித்தார்கள். பக்கத்தைத் திருப்பியவர் சற்றுத் தயங்கினார்.

"இதுக்கு மேல கையெழுத்து மாறுது. பாப்பாவோட எழுத்து."

பிறகு வாசித்தார். "'மணி பன்னிரண்டரை. பெண்கள் கழிப்பறை. கதவு என் நாற்காலியைவிடச் சிறியது. அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார். அக்காவுக்கு முதுகு வலிக்கும், சொல்லமாட்டார். உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கதவு பெரிதாக இருந்து கம்பியும் இருந்தால் நானே போவேன். என் கைகளுக்குப் பலம் இருக்கிறது. இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.'"

பொருளாளர் கூடக்காவைப் பார்த்தார்.

"கதவு எவ்வளவு அகலம்மா?"

"அளந்ததில்லைங்க ஐயா."

"நாற்காலி?"

"அதுவும் அளந்ததில்லைங்க."

அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மற்றவர்களும் சாரலில் நனைந்தபடி பின்னால் போனார்கள். பெண்கள் கழிப்பறை வாசலில் தலைமையாசிரியை தட்டிப் பார்த்து, உள்ளே ஒருவருமில்லை என்று உறுதி செய்தபின் விலகி நின்றார். பொருளாளர் கதவு நிலையை அளந்தார். சிறுமி தாழ்வாரத்தில் தாய்க்காகக் காத்திருந்தாள். அவளிடம் அனுமதி கேட்டு நாற்காலியையும் அளந்தார்.

"நாலு அங்குலம் குறையுது," என்றார் மெல்ல. நாடாவைச் சுருட்டினார். "கடையில யார் கதவு கேட்டு வந்தாலும் நான் முதல்ல அளவைத்தான் கேப்பேன். இங்க மூணு வருஷமா வரவு செலவு எல்லாம் பார்த்தேன். இந்தக் கதவைப் பார்க்கல."

கூடக்காவிடம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "நீங்க ஒரே ஒரு தடவை 'தூக்கிட்டுப் போறேன்'னு எழுதியிருந்தீங்கன்னா, இந்தச் சுவரை எப்பவோ இடிச்சிருப்போம்மா."

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திராது. தான் மறைத்தது தன் வேலையை மட்டுமே என்று இதுவரை எண்ணியிருந்தாள். கதவையும் சேர்த்தல்லவா மறைத்திருக்கிறாள்! சிறுமிக்காக ஒரு வரியை மென்மையாக்கினாள். அதனால் மூன்று வருடம் அவளைத் தூக்க வேண்டியதாயிற்று. அவள் தலைகுனிந்து நின்றாள்.

"அக்காவைத் திட்டாதீங்க," என்றாள் வக்கீல். "எழுத வேணாம்னு சொன்னது நான்தான். வாயால சொல்லல, அவ்வளவுதான்."

மறுபடி நூலகத்தில் கூடி, விளக்கேற்றும் வேளை வரை பேசினார்கள். முதலில் கதவும் கம்பிகளும், மேடைக்கு ஒரு சாய்பலகையும் என்று முடிவாயிற்று. ஸ்மார்ட் போர்டு நான்குக்குப் பதிலாக இரண்டு. அதில் ஒன்று ஐந்தாம் வகுப்புக்கு. கூடக்காவின் பணி ஆண்டு முடியும்வரை நீடிக்கும். அதற்குப் பிறகு என்ன என்பதைப் பிறகு பார்ப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவள் இனி ஒருத்திக்கு மட்டுமல்ல. மூன்றாம் வகுப்பில் கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற ஒருத்தியும், ஒன்றாம் வகுப்பில் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் புகுந்துகொள்கிற ஒருத்தியும் இருந்தார்கள். அவர்களுக்கும் அவள்தான்.

வீட்டில் செய்தியைக் கேட்ட கணவன், "மூணு பேரா? சம்பளமும் மூணு மடங்கா?" என்றான்.

"அதே சம்பளம்தான்."

"அப்போ இன்னும் ரெண்டு மாசத்துக்கு என் சமையல்தான் உனக்குத் தண்டனை."

சுவரை இடித்த ஐந்து நாளும் பள்ளியெங்கும் சுண்ணாம்புத் தூசி. வக்கீல் தினமும் நாற்காலியை ஓட்டிக்கொண்டு போய் மேற்பார்வை செய்தாள். கொத்தனாரிடம் கம்பியின் உயரத்தைப் பற்றி வாதிட்டு ஜெயித்தாள். அதற்கடுத்த வாரம் புதன்கிழமை, சிமெண்டு காய்ந்து, கதவுக்கு நீலப் பூச்சும் பூசியாகிவிட்டது. மழையும் ஓய்ந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு இருவரும் போனார்கள். நாற்காலி உராயாமல் உள்ளே சென்றது. வக்கீல் வலப்பக்கக் கம்பியைப் பற்றி அசைத்துப் பார்த்தாள். பிறகு இடப்பக்கக் கம்பியை. கூடக்கா பழக்கத்தில் மூச்சை வெளியே விட்டுக் குனிந்தாள்.

"அக்கா, வெளிய போங்க."

"முதல் தடவைதானே கண்ணு, கொஞ்சம் நின்னுட்டு..."

"ஒண்ணாம் வகுப்புப் பாப்பாவுக்கு இப்பத்தான் சாப்பாட்டு நேரம். கூடத்துல எல்லாரும் கத்துவாங்க. அவ மேசைக்கடியில போயிருப்பா. நீங்க அங்க போகணும்."

கூடக்கா வெளியே வந்தாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. சிறுமியின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருளாளரே வந்து பொருத்திய தாழ்ப்பாள் அது. மூன்று வருடத்தில் அவள் உள்ளே இருந்தபோது அங்கே கதவு ஒரு நாளும் தாழிடப்பட்டதில்லை. தாழ்ப்பாள் திறந்தது, மறுபடி மூடியது, இன்னொரு தரம் திறந்து மூடியது.

"அக்கா, போயிட்டீங்களா?"

"போயிட்டேன்."

"போனவங்க எப்படிப் பதில் சொல்றாங்க?"

கூடக்காவுக்குச் சிரிப்பும் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல், சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.